மினாமி அசோ பாலம்: பத்தாயிரம் பேர் ஊருக்கு இவ்வளவு பொதுப்பணம் சரியா?

வரவுசெலவு எழுதியது:

2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் இஷிகாவா மாகாணத்தில் உள்ள நோட்டோ தீபகற்பத்தை நிலநடுக்கம் புரட்டிப் போட்டது. அந்த ஏப்ரலில் ஜப்பான் நிதி அமைச்சகத்தின் ஆலோசனைக் குழு ஒரு கருத்தைச் சொன்னது. ஆள் குறைந்துகொண்டே போகிற பகுதிகளில் சாலையையும் பாலத்தையும் திரும்பக் கட்டும்போது, இனி எத்தனை பேர் பயன்படுத்துவார்கள், பராமரிக்க என்ன ஆகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். இஷிகாவா ஆளுநர் எதிர்த்தார். இந்த மன்றத்திலும் பலர் அந்தக் குழுவைத் திட்டியிருந்தீர்கள். நான் குழுவின் பக்கம். அதற்குக் குமமோட்டோ மாகாணத்தின் மினாமி அசோ கிராமத்தில் உள்ள புதிய அசோ பாலத்தையே உதாரணமாக எடுக்கிறேன்.

அங்கே 2016 ஏப்ரல் 16 அதிகாலை 1.25 மணிக்கு 7.3 அளவில் நிலம் அதிர்ந்தது. மலைச்சரிவு 700 மீட்டர் நீளத்துக்குப் பெயர்ந்து இறங்கியது. 57ஆம் எண் சாலை, ஹோஹி ரயில் பாதை, 1970-ல் கட்டிய 206 மீட்டர் இரும்பு வளைவுப் பாலம் மூன்றும் போயின. பாலம் இருந்த 325ஆம் எண் சாலை மாகாணத்தின் பொறுப்பு. ஆனாலும் மத்திய அரசே வேலையைக் கையில் எடுத்து, 525 மீட்டர் நீளத்தில், மிக உயரமான தூண் 97 மீட்டர் என்று புதிதாகக் கட்டி, 2021 மார்ச் 7-ல் திறந்தது.

மினாமி அசோ கிராமத்தில் 2015 கணக்கெடுப்பில் சுமார் 11,500 பேர். 2020-ல் பத்தாயிரத்துக்கும் கீழே. புதிய பாலம் திறந்த நாளில் வேறு என்னென்ன வழி இருந்தது? அருகிலிருக்கும் சோயோ பாலம் 2017 ஆகஸ்டிலேயே சரியாகிவிட்டது. மேற்கே தவராயாமா சுரங்கச் சாலை 2019-ல் முழுசாகத் திறந்தாயிற்று. 57ஆம் எண் சாலையும் ஹோஹி ரயிலும் 2020-ல் வந்துவிட்டன. இத்தனைக்கும் மேல் இது எதற்கு?

மலைத்தடம் எழுதியது:

நான் குமமோட்டோவில் வேலை செய்கிறேன். அந்தப் பாலத்தில் அடிக்கடி போகிறவள். சார், நீங்கள் கிராமத்துத் தலைகளை மட்டும் எண்ணுகிறீர்கள். 325ஆம் எண் சாலை அந்த ஊருக்குள் முடிந்துபோவதில்லை. குருமேயிலிருந்து வந்து, மினாமி அசோ, தகமோரி தாண்டி, மியாசாகி மாகாணத்தின் தகாசிஹோ வரை போகிறது. மாட்டுத் தீவனம், விறகு, நோயாளி, சுற்றுலாப் பேருந்து எல்லாம் அதில்தான்.

பாலம் இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று இங்குள்ளவர்கள் இன்னும் பேசுகிறார்கள். தெற்கே போக கிரீன் ரோடு, வடக்கே போக மில்க் ரோடு. இரண்டும் எரிமலைக் கிண்ணத்தின் விளிம்பில் ஏறி இறங்குகிற சாலைகள். மில்க் ரோட்டில் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு மட்டும்தான் தெரியும். குளிர்காலத்தில் தார் மேல் பனி உறைந்து வழுக்கும். அதில்தான் ஆயிரக்கணக்கான வண்டிகள் நகர்ந்தன.

அப்புறம், பழைய பாலம் விழுந்த இரவில் காரோடு போன மாணவரை யாரும் மறக்கவில்லை. இன்றும் குரோகவா ஆற்றின் கரையில் பழைய பாலத்தின் ஒரு துண்டு பாறை விளிம்பில் அப்படியே சாய்ந்து கிடக்கிறது. வேண்டுமென்றே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

தூணும்கண்ணும் எழுதியது:

பாலம் கட்டும் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். வரவுசெலவு தம்பியின் பட்டியலில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அவர் சொல்லும் மாற்று வழிகள் எல்லாம் அந்த ஒரே இரவில் உடைந்தவை. சோயோ பாலத்தில் ஒரு கரையின் தாங்குசுவர் நிலத்தோடு சேர்ந்து இறங்கிவிட்டது. தவராயாமா வழியில் சுரங்கமும் பாலங்களும் சேதம். 57ஆம் எண் சாலையும் ரயில் பாதையும் மண்ணுக்கடியில். வீட்டுக்கு நான்கு வாசல் இருக்கிறது என்கிறார். நான்கும் இடிந்து விழுந்த ஒரே சுவரில் இருந்தவை. அடுத்த அதிர்ச்சியிலும் ஒன்றாவது நிற்க வேண்டும் என்றால், அதற்கென்றே வடிவமைத்த ஒரு வழி வேண்டும்.

பழைய பாலம் ஏன் விழுந்தது என்பதில் இரண்டு கருத்து உண்டு. மேலிருந்து வந்த மண் அடித்துத் தள்ளியது என்பது ஒன்று. புதாகவா பிளவுக்கோட்டின் (நிலத்தடிப் பாறை உடைந்து நகரும் கோடு) அசைவில் இரு கரையும் இடம்பெயர்ந்து வளைவை நெருக்கிவிட்டது என்பது இன்னொன்று. எது சரியாக இருந்தாலும் பழைய இடத்தில் கட்ட முடியாது. மேலே சரிவு நிலையாக இல்லை. அங்கே முதலில் மண்ணை அகற்றவே ஆள் இல்லாத, தூரத்திலிருந்து இயக்கும் இயந்திரங்களைத்தான் இறக்கினார்கள். அதனால் 600 மீட்டர் கீழே தள்ளி இடம் பார்த்தார்கள். அங்கே பள்ளத்தாக்கு அகலம். 206 மீட்டர் 525 ஆனதற்குக் காரணம் அதுதான், ஆடம்பரம் இல்லை.

அங்கேயும் ஒரு பிளவுக்கோடு குறுக்கே போவதாகக் கணித்திருந்தார்கள். தூண்களை அதன் மேல் வராதபடி வைத்தார்கள். பிளவுக்கோட்டைத் தாண்டும் கண்ணை, அதாவது இரு தாங்கல்களுக்கு நடுவிலுள்ள பகுதியை, மட்டும் தனியாக விட்டார்கள். நிலம் நகர்ந்தால் அந்தக் கண் தனியே பாதிக்கப்படும், நடுவில் உள்ள பெரிய பகுதியை இழுத்துக்கொண்டு போகாது. நிலநடுக்கத்தை எதிர்த்து முரட்டுத்தனமாக நிற்பதைவிட, எது முதலில் உடையலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் நல்ல வடிவமைப்பு. இதைச் செய்ய நேரமும் அறிவும் பணமும் வேண்டும். ஒரு மாகாண அலுவலகம் மட்டும் செய்யக்கூடிய வேலை இல்லை இது.

சட்டக்குறிப்பு எழுதியது:

மத்திய அரசு தயவு காட்டியது என்று நினைக்க வேண்டாம். 1951-லிருந்தே சட்டம் இருக்கிறது. பேரிடரில் சேதமான சாலை, பாலம், கரைகளுக்கு மத்திய அரசின் அடிப்படைப் பங்கு மூன்றில் இரண்டு. உள்ளூர் வருமானத்தோடு ஒப்பிட்டால் சேதம் பெரிதாக இருக்கும்போது பங்கு கூடும். சோயோ பாலம் கிராமத்துக்குச் சொந்தமான சாலையில் இருந்தது. அதையும் மத்திய அரசே சரிசெய்ய, 2013-ல் வந்த பெரும்பேரிடர் மீட்புச் சட்டத்தை முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். நோட்டோவில் 249ஆம் எண் சாலையிலும் மாகாணத்துக்குப் பதிலாக மத்திய அரசே வேலையை எடுத்தது.

வரவுசெலவு எழுதியது:

சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவே இல்லை. அந்தச் சட்டங்கள் எழுதியபோது இருந்த ஜப்பான் வேறு என்கிறேன். 1951-ல் ஊர்கள் வளர்ந்துகொண்டிருந்தன. உடைந்ததைப் பழையபடி கட்டு என்பது அப்போது சரியான விதி. சுருங்குகிற ஊரில் அதே விதி, ஐம்பது வருடம் கழித்து இருக்கப்போகிறவர்கள் தலையில் சுமை வைக்கிறது.

அதே கிராமத்தின் இன்னொரு ரயிலை, மினாமி அசோ ரயில்வேயைப் பாருங்கள். 17.7 கிலோமீட்டர் பாதை. சரிசெய்ய சுமார் 700 கோடி யென். அதில் 97.5 சதவீதம் மத்திய அரசின் தோளில். 2023 ஜூலையில்தான் முழுசாக ஓடத் தொடங்கியது. பாலமும் வேண்டும், ரயிலும் வேண்டும், சுரங்கமும் வேண்டும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நியாயமாகத்தான் தெரியும். மொத்தத்தைச் சேர்த்து வைத்து யார் பார்த்தார்கள்?

தூணும்கண்ணும் ஐயா சொன்ன உறுதியான ஒரு வழி என்ற வாதம் பலமானது. ஆனால் சோயோ பாலத்தையே அந்த அளவுக்கு உறுதியாக்கி ஒரே வழியாக வைத்திருக்கலாமே?

தூணும்கண்ணும் எழுதியது:

சோயோ பாலத்தை 16 மாதத்தில் திறக்க முடிந்ததே, இருந்ததைச் சரிசெய்ததால்தான். பிளவுக்கோட்டுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்றால் இடித்துவிட்டுத் தொடங்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் 2017-ல் ததேனோ மக்களுக்கு எந்த வழியும் இருந்திருக்காது. ஒன்று அவசரத்துக்கு, ஒன்று காலத்துக்கு. இரண்டும் வேறு வேறு வேலை.

மலைத்தடம் எழுதியது:

ததேனோ என்ற பெயர் வந்ததால் சொல்கிறேன். அது கிராமத்தின் ஒரு பகுதிதான், ஆனால் பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம். பாலம் போனதும் சொந்த ஊராட்சி அலுவலகத்துக்கே போக முடியாத நிலை. தண்ணீர் இல்லை, மேலே மண்சரிவு பயம். 2017 அக்டோபர் வரை வெளியேறியே இருக்கச் சொன்னார்கள். பலர் ஓசு நகரத்தில் தற்காலிக வீடுகளில் இருந்தார்கள். திரும்பலாமா, அங்கேயே இடம் வாங்கலாமா என்று ஒவ்வொரு குடும்பமும் முடிவெடுத்த நாட்கள் அவை. பாலம் நிச்சயம் வரும், மத்திய அரசே கட்டுகிறது என்று 2016-லேயே தெரிந்திருந்தது அவர்கள் கையில் இருந்த ஒரே பிடி. இன்னும் ஆய்வு செய்கிறோம், எத்தனை பேர் திரும்புகிறீர்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று அரசு சொல்லியிருந்தால் யார் திரும்பியிருப்பார்கள்? எண்ணிக்கை குறைகிறது, அதனால் கட்டாதே என்கிறீர்கள். கட்டாவிட்டால் இன்னும் வேகமாகக் குறையும்.

வரவுசெலவு எழுதியது:

மேடம், பாலத்தின் மறுகரையில் இருந்த பல்கலைக்கழக வளாகம் என்ன ஆயிற்று? குரோகவா பகுதியில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் தங்கியிருந்தார்கள். அவர்களை நம்பித்தான் அங்கே வாடகை வீடுகளும் சாப்பாட்டுக் கடைகளும் நடந்தன. வேளாண் படிப்பு குமமோட்டோ நகரத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டடம் இப்போது நிலநடுக்க அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. இரவு பகலாக வேலை செய்து, கட்டும் காலத்தை ஒரு வருடம் நான்கு மாதம் குறைத்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் போனவர்கள் அதற்கும் முன்பே போய்விட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை முதல் இரண்டு வருடத்தில் வாடகை வீட்டுக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் நேரடியாகக் கொடுத்திருந்தால் ஊரில் இன்னும் நாலு விளக்கு எரிந்திருக்கும்.

இன்னொன்று. கட்டியது மத்திய அரசு, இனிமேல் பராமரிப்பது மாகாணம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பாலத்தையும் கிட்டப் போய்ப் பரிசோதிக்க வேண்டும் என்பது 2014-லிருந்து அங்கே கட்டாயம். 97 மீட்டர் தூணை யார், எந்தச் செலவில் பார்ப்பது?

தூணும்கண்ணும் எழுதியது:

இது சரியான கேள்வி. பதிலும் வடிவத்திலேயே இருக்கிறது. நடுவில் உள்ள 345 மீட்டரும் மூன்று கண்ணாக, தூணும் மேல்தளமும் ஒன்றாக வார்த்த கான்கிரீட். அந்த உயரமான தூண்களின் தலையில் பேரிங், அதாவது மேல்தளத்தைத் தாங்கி அசையவிடும் தனி உறுப்பு, கிடையாது. பாலத்தில் முதலில் தேய்வதும் மாற்ற வேண்டியதும் பேரிங்கும் இணைப்புமூட்டும்தான். இரும்பு வளைவு என்றால் வர்ணம் வேறு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதையெல்லாம் யோசித்துத்தான் கான்கிரீட்டுக்குப் போயிருக்கிறார்கள். செலவே இல்லை என்று சொல்ல மாட்டேன். உயரத்தைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு இல்லை.

கடைக்காரர்களுக்குப் பணம் என்பதை நானும் ஆதரிக்கிறேன். அதைப் பாலத்திலிருந்து வெட்டித்தான் கொடுக்க வேண்டும் என்பதில்தான் உடன்பாடு இல்லை.

வரவுசெலவு எழுதியது:

நிதி ஒரே பானையிலிருந்துதான் வருகிறது ஐயா, அதனால்தான் வெட்டச் சொல்கிறேன். நோட்டோவில் ஒவ்வொரு பாலத்துக்கும் மூன்று விவரத்தைக் கட்டுவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் முன்னால் வைக்கட்டும்: கட்டும் செலவு, ஐம்பது வருடப் பராமரிப்பு, அது இல்லாவிட்டால் சுற்றுவழி எத்தனை கிலோமீட்டர். பார்த்துவிட்டு அவர்களே பாலம்தான் வேண்டும் என்றால் கட்டட்டும், நான் எதிர்க்க மாட்டேன்.

மலைத்தடம் எழுதியது:

நாலாவதாக ஒன்றையும் சேருங்கள்: அந்தச் சுற்றுவழி அதே நிலநடுக்கத்தில் உடைந்ததா இல்லையா என்று.