கார்த்திகையில் அடித்த பங்குனி வெயில்: அந்த ஒரு வாரம்

பாலக்கோடு, புழு மனை:
தீபத்துக்கு முந்தைய வாரம். உங்களுக்கும் நினைவிருக்கும், இரவு பதினொரு மணிக்கும் போர்வை வேண்டியிருக்கவில்லை. கார்த்திகைக் குளிருக்குப் பட்டுப்புழு வளர்க்கும் மனையைச் சூடேற்ற வேண்டுமே என்று இரண்டு மூட்டை கரி வாங்கி வைத்திருந்தேன். கடைசியில் ஜன்னலுக்கு ஈரக் கோணி கட்டினேன். புழுக்கள் நான்காம் தோலுரித்து ஐந்தாவது நாள். அந்தப் பருவத்தில் அவை இலை தின்பது ஓட்டின்மேல் தூறல் விழுவதுபோல் கேட்கும். அந்த வாரம் எங்கள் ஊரில் மழைச் சத்தம் இருந்த ஒரே இடம் அந்த மனைதான். புதன்கிழமை பிற்பகல் இலை போட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன். "இலை போட்டீர்களா, இல்லையா?" என்றாள் மனைவி, திண்ணையில் இருந்தபடியே. திரும்பிப் போய்ப் பார்த்தேன். போட்டது போட்டபடி வாடிக் கிடந்தது. கூடு தேறியது பாதிக்குச் சற்று மேல். நஷ்டம்கூட ஆறிவிட்டது, அவள் கேட்டது ஆறவில்லை.

காவேரிப்பட்டணம், மாந்தோப்பு:
உங்களுக்குப் போனது ஒரு தடவைக் கூடு. மா மொட்டுக் கட்ட இரவுக் குளிர் வேண்டும். ஈரமும் சூடும் சேர்ந்தால் பூவுக்குப் பதிலாகத் தளிர் தள்ளிவிடும். எங்கள் பெங்களூரா ரக மரங்கள் அப்படித்தான் செய்தன. சென்னையிலிருந்து வந்த மைத்துனர் அந்தச் செம்புநிறக் கொழுந்துகளைப் படம் எடுத்துத் தள்ளினார். "தோப்பு என்ன அழகு, மாமா!" என்று அப்பாவிடம் காட்டினார். அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார், எங்காவது ஒரு மொட்டு தெரிகிறதா என்று.

பென்னாகரம்:
என் கதை சிறியது. தருமபுரி பஸ் நிலையத்தில், சால்வை போர்த்தி வந்த பெரியவர் ஒருவர் அதைக் குழாயில் நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

ஆனால் பாலக்கோடு அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், தவறு வெயிலுடையது மட்டுமல்ல. ஈரக் கோணி இளம்புழுவுக்குச் சரி. அதற்கு 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும். நான்காம் தோலுரித்த பிறகு வரும் ஐந்தாம் பருவத்துக்கு 70 போதும், வெப்பம் 24, 25 டிகிரி. காற்றோட்டமில்லாமல் கோணியை மட்டும் தொங்கவிட்டால் மனை இட்லிப் பானையாகிவிடும். கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பி அதை நனையுங்கள். எதிரெதிர் ஜன்னல்களை இரவு முழுவதும் திறந்து வையுங்கள், புழுவைத் தாக்கும் ஊசி ஈ நுழையாமல் வலை இருக்கட்டும். இலையை விடியற்காலையில் பறித்து நிழலில் வையுங்கள். பெரிய தீனியை மாலைக்குத் தள்ளுங்கள். புழுப் படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள், தோலுரித்து எழுந்த புழுவுக்கு இடம் தாராளமாக விடுங்கள். என் மாமனார் இருபது ஆண்டு புழு வளர்த்தவர், அவர் மனையில் கரி மூட்டையே கிடையாது.

ஊத்தங்கரை:
தெளிந்த வானத்துக்கா இத்தனை புலம்பல்? 2024 டிசம்பர் 2 காலை எங்கள் ஊரில் பதிவான ஒரு நாள் மழை 50 சென்டிமீட்டர். அதற்குப் பிறகு கார்த்திகையில் வெயிலைக் கண்டாலே அம்மா அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றச் சொல்கிறார். ஏற்றுவது நான்தான். அந்த ஒரு வாரத்தில் மூன்று முறை.

பாலக்கோடு, புழு மனை:
பென்னாகரத்துத் தம்பி, எங்கள் ஜன்னல்கள் எதிரெதிரேதான் இருக்கின்றன. கரி இரண்டு மூட்டையும் அப்படியே கிடக்கிறது. மாமனாருக்கு வேண்டாமென்றால் வேறு யாருக்காவது வேண்டுமா?