கூகர்களைக் கொன்றும் அகற்றியும் பார்த்த இடங்களில் கால்நடை இழப்பு குறைந்ததா?

கேள்வி: கொட்டாய்க்காரன், அஞ்செட்டி

அனைவருக்கும் வணக்கம். அஞ்செட்டிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் இடையே, காப்புக்காட்டை ஒட்டிய ஒரு கொட்டாயில் இருக்கிறோம். கேழ்வரகும் துவரையும் மானாவாரியாகப் போட்டாலும், கையில் காசு புரள்வது ஆட்டால்தான். அண்மையில் பக்கத்துக் கொட்டாயில் இரவு நேரத்தில் சிறுத்தை பட்டிக்குள் இறங்கிவிட்டது. விடிந்து பார்த்தபோது பல ஆடுகள் கழுத்தில் பல் பதிந்த துளைகளோடு கிடந்தன. அது தூக்கிச் சென்றது ஒன்றே ஒன்றுதான். வாசலில் கட்டிய படல் கட்டியபடியே இருந்தது. மண்சுவரின் உள்பக்கத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, நகம் இழுத்த கோடுகள் மட்டும் தெரிந்தன.

கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விட வேண்டும் என்பதே ஊரின் ஒரே குரலாக இருக்கிறது. வருடம் முழுவதும் வளர்த்ததை ஒரே இரவில் இழந்தவர்களிடம் எதிர்வாதம் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆனால், பிடித்துக்கொண்டு போனால் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மனுவில் கையெழுத்துப் போடவும் மனம் ஒப்பவில்லை. அமெரிக்கக் கண்டங்களில் மலைச் சிங்கம், பியூமா என்றெல்லாம் அழைக்கப்படும் கூகரும் ஏறக்குறைய நம் சிறுத்தையின் அளவுதான், ஆட்டையும் கன்றையும் விட்டுவைப்பதில்லை என்று படித்தேன். அங்கே தலைமுறை தலைமுறையாக அதைச் சுட்டும் பிடித்தும் பார்த்திருக்கிறார்கள் என்றால், அந்த அனுபவம் என்ன சொல்கிறது? தின்ன முடியாத அளவுக்கு ஏன் கொல்கிறது என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் ஊர்க் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

பதில் 1: கானகன், ஓசூர்

காட்டுயிர் உயிரியல் படித்தவன் என்ற முறையில், நீங்கள் முதலில் கேட்டதற்கு முதலில் வருகிறேன். கலிபோர்னியாவில் 1907 முதல் 1963 வரை கூகரைக் கொன்று வருபவருக்கு அரசே பரிசுப் பணம் கொடுத்தது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், புளோரிடாவின் தென்கோடியைத் தவிர, கூகரே இல்லாமல் ஆக்கினார்கள். இப்படி அடியோடு அழித்த இடத்தில் இழப்பு நின்றது உண்மைதான். ஆனால், இங்கொன்றும் அங்கொன்றுமாக அகற்றிய இடங்களின் கதை வேறு.

அதைப் புரிந்துகொள்ளக் கூகரின் குடியிருப்பு முறையை அறிய வேண்டும். வளர்ந்த ஆண் கூகர், இரை எவ்வளவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்து, நூறு சதுர கிலோமீட்டரிலிருந்து பல நூறு சதுர கிலோமீட்டர் வரை தனக்கென எல்லை வகுத்துக்கொள்கிறது. அதற்குள் சில பெண் கூகர்கள் சிறிய எல்லைகளோடு வாழும். ஆண் தன் பின்னங்கால்களால் சருகையும் மண்ணையும் பின்னுக்கு இழுத்துக் குவித்து, அதன்மேல் சிறுநீர் விட்டுச் செல்லும். அந்தக் குவியலை முகர்ந்து பார்க்கும் இளம் ஆண், இங்கே உரிமைக்காரன் இருக்கிறான் என்று தெரிந்து பெரும்பாலும் ஒதுங்கிப் போகும். குட்டிகள் சுமார் ஒன்றரை வயதில் தாயைப் பிரியும்போது இளம் ஆண்களே நெடுந்தொலைவு அலைகின்றன. 2011 ஜூன் மாதத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் மில்ஃபோர்டு அருகே வாகனம் மோதி இறந்த ஓர் இளம் ஆண், மரபணுவை ஒப்பிட்டபோது, 2,400 கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் பகுதியிலிருந்து வந்தது என்று உறுதியாயிற்று.

ஆகவே, எல்லைக்குரிய ஆணை அகற்றினால் அந்த இடம் காலியாகவே இருப்பதில்லை. இப்படி அலையும் இளம் ஆண்கள் வந்து சேர்கின்றன. அவற்றுக்கு மான் எங்கே மேயும், எந்த வழியில் போனால் மனிதர் கண்ணில் படாமல் தப்பலாம் என்பதெல்லாம் பழக்கமில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் பல ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, கூகர்களை அதிகம் வேட்டையாடிய பகுதிகளில் அடுத்த ஆண்டு புகார்களும் கால்நடை இழப்பும் கூடியிருந்ததாகக் கண்டது. எல்லா ஆய்வாளர்களும் இதை அப்படியே ஏற்கவில்லை என்றாலும், என் பார்வையில் காரணகாரியம் பொருந்தித்தான் வருகிறது.

நம் நாட்டு அனுபவமும் இதற்கு அருகிலேயே நிற்கிறது. மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில் 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் சிறுத்தைகளைப் பெருமளவில் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதன் பிறகு மனிதர் மீதான தாக்குதல்கள் விடப்பட்ட இடங்களின் அருகிலும் ஜுன்னாரிலும் கூடின என்பதை வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் எழுதினார்கள். உங்கள் ஊர்ச் சிறுத்தையை எங்கே கொண்டுபோய் விடுவது? 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமானாலும், 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்குச் சரணாலயமானாலும், அங்கெல்லாம் ஏற்கெனவே சிறுத்தைகள் எல்லை பிடித்து வாழ்கின்றன. மனிதரைத் தாக்கிய விலங்கு என்றால் பேச்சே வேறு. ஆடு பிடித்ததற்காகக் கூண்டு வைப்பதில் பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதில் 2: விலங்கியல் ஆசிரியர் (ஓய்வு), தருமபுரி

கானகன் தம்பி சொன்னதை ஒட்டி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கூகர் பதுங்கியிருந்து பாயும் விலங்கு. துரத்தி ஓடிப் பிடிக்கும் விலங்கு அன்று. மானின் மீது பாய்ந்து பிடரியிலோ தொண்டையிலோ கடித்துக் கொன்றதும், விலாவுக்குப் பின்னால் வயிற்றைத் திறந்து ஈரலையும் இதயத்தையும் முதலில் தின்னும். மிச்சத்தைச் சருகு, மண், பனி என்று கிடைப்பதைக் கொண்டு மூடி வைத்துவிட்டு, பல நாள் திரும்பி வந்து தின்னும். காட்டில் ஒரு மானை அடித்தவுடன் மற்ற மான்கள் கலைந்து ஓடிவிடுவதால், கொல்லும் தூண்டல் அத்தோடு அடங்குகிறது. பட்டிக்குள் அப்படி இல்லை. ஆடுகள் தப்ப வழியின்றிச் சுவரோடு சுவராக மோதிக்கொண்டு ஓடுகின்றன. கண்ணெதிரே ஓட்டம் நிற்காத வரையில் பாய்ச்சலும் நிற்பதில்லை. பசியோ வெறியோ இதற்குக் காரணமல்ல. தப்பிக்க முடியாத இரைக்கூட்டம் என்ற சூழ்நிலை காட்டில் அரிது, அந்தச் சூழ்நிலையை நாம் அடைத்து வைத்துக் கொடுக்கிறோம். நரியும் நாயும் கோழிக் கூண்டுக்குள் புகுந்தால் நடப்பதும் இதுவே.

கூகரைச் சிறுத்தையோடு ஒப்பிடும்போது ஒரு வரம்பையும் மனத்தில் வைக்க வேண்டும். பரம்பரையில் கூகர் சிறுத்தைக்கு நெருங்கிய சொந்தமன்று. வேங்கைப்புலி, சிங்கம், சிறுத்தை ஆகியவை ஒரு பேரினமாக இருக்க, கூகர் சிவிங்கிப்புலிக்கே நெருக்கமானது. கர்ஜிக்கும் குரல்வளை அமைப்பு அதற்கு இல்லை. வீட்டுப் பூனையைப் போல உறுமிக் குழையும். மனிதரைப் பெரும்பாலும் தவிர்த்தே வாழ்கிறது. வட அமெரிக்காவில் கடந்த நூறாண்டுகளுக்கு மேலான காலத்தில் அதனால் இறந்தவர்கள் சில பத்துப் பேரே. நம் சிறுத்தையோ கரும்புக் கொல்லையிலும் குட்டி போட்டு, தெருநாயைத் தின்று, ஊருக்குள்ளேயே வாழப் பழகியது. எனவே கூகரிடமிருந்து எல்லைப் பழக்கத்தையும் பட்டிக்குள் நடப்பதையும் ஒப்பிட்டுக் கற்கலாம். மனிதருக்கு உள்ள ஆபத்தை அதே அளவுகோலால் அளக்கக் கூடாது. இருட்டிய பிறகு குழந்தைகளைத் தனியே வெளியே விட வேண்டாம் என்பதைக் கூட்டத்தில் அழுத்திச் சொல்லுங்கள்.

பதில் 3: பாலக்கோட்டுக்காரர், கலிபோர்னியா

பிறந்த ஊர் பாலக்கோடு, இப்போது கூகர் நாட்டிலேயே குடியிருக்கிறேன் என்பதால் இங்குள்ள நடைமுறையைச் சொல்கிறேன். 1990இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் கலிபோர்னியாவில் கூகரை விளையாட்டுக்காக வேட்டையாடுவது தடை செய்யப்பட்டது. கால்நடையைக் கொன்றால் உரிமையாளர் அனுமதி பெற்றுச் சுடலாம் என்ற விதி மட்டும் இருந்தது. 2016 நவம்பரில் மாலிபூ மலைப்பகுதியில், ஆய்வாளர்கள் பி-45 என்று எண்ணிட்டிருந்த ஆண் கூகர், ஒரு பண்ணையில், கம்பளிக்காக வளர்க்கும் ஒட்டகக் குடும்பத்து விலங்கான அல்பாக்காவில் சுமார் பத்தை ஒரே இரவில் கொன்றது. உங்கள் பக்கத்துக் கொட்டாயில் நடந்த அதே கதைதான். சுட அனுமதி வழங்கப்பட்டது, ஊரே இரண்டுபட்டது, கடைசியில் கூகர் சுடப்படவில்லை. அதற்கு அடுத்த ஆண்டில், சாண்டா மோனிகா, சாண்டா அனா மலைகளில் முதலில் பட்டியைப் பாதுகாப்பாக்கி, விரட்டிப் பார்த்த பிறகே சுடும் அனுமதி என்று விதி மாறியது.

சாண்டா மோனிகா மலையில் ஒரு கூகரையும் எளிதில் இழக்க முடியாததற்கு வேறொரு காரணமும் உண்டு. பத்துத் தடங்கள் உள்ள 101 நெடுஞ்சாலை மலையை இரண்டாக வெட்டிவிட்டதால், உள்ளே சிக்கியவை நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கி, 2020இல் வால் வளைந்த, ஒரு விரை இறங்காத ஆண் ஒன்று ஆய்வாளர்களிடம் அகப்பட்டது. புளோரிடாவில் இதே சீர்கேடு முற்றி, எஞ்சியவை இருபது முப்பது என்ற நிலைக்கு வந்த பிறகு, 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் கூகர்களைக் கொண்டுவந்து விட்டே அந்த இனத்தை மீட்டார்கள். அந்த 101 சாலையின் மேல் விலங்குகளுக்கென மண்ணும் செடியும் பரப்பிய பாலம் கட்டும் வேலை 2022 ஏப்ரலில் தொடங்கியது. சானமாவு பக்கம் யானைகள் ஓசூர் நெடுஞ்சாலையைக் கடக்கத் தவிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். நம் சாலைகளுக்கும் இது வேண்டும் என்று உரக்கவே கேட்கிறேன்.

கொட்டாய்க்காரன், அஞ்செட்டி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்ன காரணத்தைக் கேட்டதும் பக்கத்துக் கொட்டாயில் பார்த்த காட்சி விளங்கியது. நான் மனுவில் கையெழுத்திடப் போவதில்லை. ஆனால், கூண்டு வேண்டாம் என்று சொல்பவன் வேறு வழியைக் காட்ட வேண்டும். சுவரை உயர்த்தினால் போதுமா? மின்னும் விளக்கு கட்டினால் வராது என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா?

கானகன், ஓசூர்

சுவரை உயர்த்துவது மட்டும் போதாது. கூகரே நின்ற இடத்திலிருந்து சுமார் 15 அடி உயரம் எழும்பும், சிறுத்தை மரமேறி. மேல்பக்கத்தை மூடுவதுதான் முக்கியம். தகரக் கூரை போட முடியாதவர்கள் கனமான கம்பிவலையை நான்கு பக்கமும் இழுத்துச் சுவரோடு சேர்த்துக் கட்டலாம். படலுக்குப் பதிலாக உள்ளே தாழிடும் மரக்கதவு வையுங்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே கால் நுழையும் சந்து இருக்கக் கூடாது. பட்டியைச் சுற்றியுள்ள உண்ணிச்செடிப் புதரை வெட்டிவிட்டால் பதுங்க இடமிருக்காது.

விளக்கு பற்றி நல்ல ஆய்வு ஒன்று உண்டு. சிலி நாட்டின் வடக்கே உயர்ந்த பீடபூமியில், லாமாவும் அல்பாக்காவும் அடையும் இடங்களில், நிறமும் இடைவெளியும் மாறி மாறி மின்னும் விளக்குகளை வைத்துப் பார்த்ததன் முடிவு 2019இல் வெளியானது. விளக்கு இருந்த மந்தைகளில் பியூமா எதையும் கொல்லவில்லை. விளக்கு இல்லாதவற்றில் இழப்பு இருந்தது. நரிகளோ விளக்கைப் பொருட்படுத்தவே இல்லை. அந்தச் சோதனை சில மாதங்களே நடந்தது. நாளடைவில் விலங்கு பழகிவிடக்கூடும். ஆகவே குட்டி போடும் பருவத்தில் விளக்கை மாட்டி, மற்ற நாள்களில் கழற்றி வையுங்கள், மாட்டும்போது இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். இனி ஆடு அடிபட்டால், வனத்துறையினர் வந்து பதிவு செய்யும் வரை உடலைப் புதைக்கவோ அதில் விஷ மருந்து வைக்கவோ யாரையும் விடாதீர்கள்; பதிவு இல்லாமல் இழப்பீடு கிடைக்காது, மருந்து வைத்தால் கழுதைப்புலியும் ஊர் நாய்களும் சேர்ந்து சாகும்.