டெங்கு: காய்ச்சல் விட்டுருச்சு, பையனை ஏன் வீட்டுக்கு விட மாட்டேங்கிறாங்க?

மேலூர் அப்பா:
பையனுக்கு ஒன்பது வயசு. டெங்கு பாசிட்டிவ். 103ல கொதிச்ச காய்ச்சல் அஞ்சாம் நாள், அதாவது நேத்து ராத்திரி, இறங்கிருச்சு. பிளேட்லெட் 70,000. இன்னைக்குக் காலையில பிரஷர் 100/80. நார்மல்தானே? அதைப் பார்த்ததும் டியூட்டி டாக்டர் டிரிப்ஸ் வேகத்தைக் கூட்டச் சொல்லிட்டார். ரத்தம் வேற எடுத்துக்கிட்டே இருக்காங்க. எல்லாம் பில்லுக்காகன்னு மச்சான் சொல்றார். பிளேட்லெட் ஏத்தச் சொல்லிக் கேக்கலாமா?

கீழத்தெரு:
பப்பாளி இலைச் சாறு குடுங்க. எங்க அக்கா மகளுக்கு மடமடன்னு ஏறுச்சு.

நைட் டியூட்டி:
குழந்தைகள் வார்டுல ஸ்டாஃப் நர்ஸ் நான். முதல்ல மச்சானைக் கேன்டீனுக்கு அனுப்பி வைங்க.

டெங்குல காய்ச்சல் விடுற நேரம்தான் கண்டம். 3ஆம் நாள்ல இருந்து 7ஆம் நாளுக்குள்ள ரத்தக்குழாய்ச் சுவர் கசிய ஆரம்பிக்கும். பிளாஸ்மா வெளியேறி வயித்துலயும் நெஞ்சுலயும் தேங்கும். குழாய்க்குள்ள மிஞ்சுற ரத்தம் கெட்டியாகும். அதைப் பிடிக்கத்தான் திரும்பத் திரும்ப பிசிவி, அதாவது ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு, பார்க்கிறாங்க. அது முதல்ல இருந்த அளவுல 20 சதவீதம் ஏறுச்சுன்னா நல்லாவே கசியுதுன்னு அர்த்தம். பிளேட்லெட்டை விட்டுட்டு அந்த நம்பரைக் கேளுங்க.

பிரஷர்ல மேல் நம்பரை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. ரெண்டுக்கும் நடுவுல வெறும் 20தான் இருக்கு, அது ஷாக்கோட, அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் பத்தாமப் போறதோட, ஆரம்பம். ரத்தம் குறைஞ்சதும் உடம்பு கைகால்ல இருக்கிற குழாய்களை இறுக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பப் பார்க்கும். அந்த இறுக்கத்துலதான் கீழ் நம்பர் ஏறுது. பாதம் சில்லுன்னு இருக்கும். நகத்தை அமுக்கி விட்டா சிவப்பு திரும்ப ரெண்டு செகண்டுக்கு மேல ஆகும். பிள்ளை பாட்டுக்குப் பேசிக்கிட்டுதான் இருக்கும்! கடன் வாங்கிக் கல்யாணம் நடத்துற வீடு மாதிரி, வாசல்ல பார்த்தா பந்தல் ஜோரா இருக்கும். சமாளிக்க முடியாமப் போகும்போது மேல் நம்பர் ஒரேயடியா விழும். அப்புறம் மீட்கிறது பெரும்பாடு. உங்க டாக்டர் அதுக்கு முன்னாடியே பிடிச்சுட்டார்.

ரத்தக்கசிவு இல்லாதப்ப 70,000க்கு பிளேட்லெட் ஏத்துறதில்லை. பப்பாளிச் சாறும் இப்ப வேண்டாம். விடாம வாந்தி எடுக்கிறதையும் வயித்து வலியையும் நாங்க அபாய அறிகுறியாக் கணக்கு வைப்போம். கசப்பைக் குடுத்து வாந்தி வந்தா, நோயா சாறான்னு யாரைக் கேக்கிறது?

மேலூர் அப்பா:
கேட்டேங்க சிஸ்டர். பிசிவி 36ல இருந்து 44க்குப் போயிருந்துச்சாம். மறுநாள் 38. இப்ப டிரிப்ஸை நிறுத்தப் போறாங்களாம். பையன் ரெண்டு இட்லிதான் சாப்பிட்டான். தெம்புக்கு இன்னும் ஒரு பாட்டில் போடச் சொல்லட்டா?

நைட் டியூட்டி:
வேண்டவே வேண்டாம். கசிவு 24ல இருந்து 48 மணி நேரத்துல நின்னுரும். தேங்கின நீரெல்லாம் தானா குழாய்க்குள்ள திரும்பும். அந்த நேரத்துல மேல மேல ஏத்துனா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். ஷாக்கைத் தாண்டி வந்த பிள்ளைக்கு இதுல மூச்சு முட்டும். ஒண்ணுக்கு எவ்வளவு போறான்னு எழுதி வைங்க. இருமல் வந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே பெல் அடிங்க, இங்க வந்து டைப் பண்ணிக்கிட்டு இருக்காதீங்க.