ஜிடிபியில் விழும் அசர்ஷன்: இன்லைன் ஃபிரேம் பகுதி தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஓ2 ஆப்டிமைசேஷனில் கம்பைல் செய்த சி++ புரோகிராம் ஒன்றை ஜிடிபியில் (புரோகிராமை நிறுத்தி நிறுத்திப் பிழை தேடும் டிபக்கர்) ஓட்டுகிறேன். பல த்ரெட்கள் (ஒரே சமயத்தில் ஓடும் கிளைகள்) ஓடும் இடத்தில் ஒவ்வொரு வரியாக நகர ஸ்டெப் கொடுத்தால் சில சமயம் இன்டர்னல் எரர் வருகிறது. ஜிடிபியின் சொந்தக் கோடில், ஸ்கிப்_இன்லைன்_ஃபிரேம்ஸ் ஃபங்ஷனில் உள்ள அசர்ஷன்தான் (இந்த நிபந்தனை உண்மையாக இருக்க வேண்டும் என்று சோதிக்கும் வரி) விழுகிறது. அப்புறம் செஷனை முடிக்கட்டுமா என்ற வழக்கமான கேள்வி.

ஜிடிபி கோடைப் படித்ததில் புரிந்தது இது: ஒரு த்ரெட் நின்றதும் அதன் இன்லைன் நிலையை, அதாவது நின்ற இடம் இன்லைன் ஃபங்ஷனுக்குள் (அழைத்த இடத்திலேயே கம்பைலர் விரித்துவிட்ட ஃபங்ஷன்) இருக்கிறதா என்பதை, ஜிடிபி குறித்து வைக்கிறது. த்ரெட்டை மறுபடி ஓடவிடும்போது, டார்கெட்_ரெஸ்யூம் ஃபங்ஷன் அந்தக் குறிப்பை அழித்துவிட வேண்டும். பழைய குறிப்பு அழியாமல் கிடந்தால் அசர்ஷன் கத்துகிறது. அது கத்துவது நியாயம்தான், அதனால் அந்த வரியை எடுத்துவிட எனக்கு மனமில்லை.

அசர்ஷனுக்கு முன்னால், அந்தக் குறிப்பை அழிக்கும் கிளியர்_இன்லைன்_ஃபிரேம்_ஸ்டேட்டை அழைத்தால் எரர் போய்விடுகிறது. ஆனால் இது மூல காரணத்தை மூடி மறைக்கிறதோ என்று சந்தேகம். ரெஸ்யூம் ஆகாமலேயே ஒரே த்ரெட்டுக்கு இரண்டு முறை ஸ்டாப் கையாளப்படுகிறதா? அதை எப்படிப் பிடிப்பது? ஜிடிபியையே இன்னொரு ஜிடிபிக்குள் ஓட்டினால் டைமிங் மாறி எரர் வர மறுக்கிறது.

இன்ஃப்ரன்.சி (புரோகிராமை ஓடவிடுவதையும் நிற்பதையும் கையாளும் ஜிடிபி கோட் ஃபைல்) பக்கம் வேலை செய்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். டைமிங்கை நம்பாத டெஜாக்னு (ஜிடிபியின் டெஸ்ட்களை ஓட்டும் கருவி) டெஸ்ட் எழுதவும் யோசனை வேண்டும். பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) தேவையென்றால் இங்கேயே போடுகிறேன்.