எக்ஸ்-ரேல ஒண்ணுமில்ல, ஆனா இடுப்பு மூட்டுல வலி: உங்க அனுபவம்?

பரத ஆசிரியை, மதுரை:

வலி பக்கவாட்டுல இல்ல, தொடையும் அடிவயிறும் சேர்ற மடிப்புல. அரைமண்டியிலிருந்து எந்திரிக்கும்போது உள்ளுக்குள்ள சுருக்குன்னு பிடிக்கும். முதல்ல போன ஆஸ்பத்திரியில எக்ஸ்-ரே எடுத்துட்டு, "நார்மல்தான், நரம்பு வலியா இருக்கும்"னு மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. இன்னைக்கும் அதை நினைச்சா ஆத்திரமா வருது.

அடுத்து பார்த்த எலும்பு டாக்டர், வலிக்கிற இடத்தைக் கையால காட்டச் சொன்னார். பெருவிரல் பின்னாடி, மத்த விரல் முன்னாடின்னு இடுப்பைக் கவ்விக் காட்டினேன். மூட்டுக்குள்ள கோளாறு இருக்கிறவங்க பலர் இப்படித்தான் காட்டுவாங்களாம். படுக்கவெச்சு முட்டியை நெஞ்சுப் பக்கம் மடக்கி உள்பக்கமாத் திருப்பினார் பாருங்க, உயிரே போயிட்டு வந்துச்சு.

அதே பழைய எக்ஸ்-ரேயைத்தான் வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தார். "இதுல எலும்பு முனையைப் போர்த்தியிருக்கிற ஜவ்வு, அதாவது குருத்தெலும்பு, தெரியாதும்மா, எலும்புக்கு நடுவுல உள்ள இடைவெளிதான் தெரியும். அது நல்லாத்தான் இருக்கு. ஆனா தொடை எலும்போட பந்து, கழுத்தோட சேர்ற இடத்துல குழிவா இல்லாம புடைச்சிருக்கு. காலை மடக்குறப்ப அது, பந்து உட்கார்ற இடுப்பெலும்புக் கிண்ணத்து விளிம்புல இடிக்குது"ன்னார்.

எம்ஆர் ஆர்த்ரோகிராம், அதாவது மூட்டுக்குள்ள மருந்து ஏத்தி எடுக்கிற எம்ஆர்ஐ ஸ்கேன், எழுதிக் கொடுத்தார். மரத்துப்போக ஊசி போட்டு, எக்ஸ்-ரே திரையைப் பார்த்துக்கிட்டே தொடை மடிப்புக்கிட்ட நீள ஊசியை மூட்டுக்குள்ள இறக்கி, ஸ்கேன்ல பளிச்சுன்னு தெரியுற நீர்த்த கடோலினியம் மருந்தை ஏத்தினாங்க. வலியைவிட மூட்டு உப்பி இறுகுற மாதிரி உணர்வுதான் அதிகம். படத்துல முன்பக்க மேல் விளிம்புல லேப்ரம் (கிண்ணத்து விளிம்பைச் சுத்தியிருக்கிற வளையம்) கிழிஞ்சிருக்கு, கிழிசலுக்குள்ள மருந்து வெள்ளைக் கோடா ஓடுது. பக்கத்து ஜவ்வும் பாதிப்பு. மருந்தோட மரப்பு மருந்தும் கலந்திருந்தாங்க. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் வலியே இல்ல. வலி மூட்டுக்குள்ளருந்துதான் வருதுன்னு அதுலயே தெளிவாயிடுச்சு.

ஸ்கேன் சென்டர் டெக்னீஷியன்:

மேடம் சொன்னது சரி. இடுப்பு மூட்டு ஜவ்வு சில மில்லிமீட்டர் கனம்தான். பந்து மேலயும் கிண்ணத்து மேலயும் இருக்கிற ரெண்டு அடுக்கும் ஒண்ணோட ஒண்ணு அழுத்தி ஒட்டியிருக்கும். ரெண்டு இடுப்பையும் சேர்த்துப் பெரிய படமா எடுத்தா நுணுக்கமான சேதம் தப்பிடும். வலிக்கிற ஒரு மூட்டை மட்டும் கிட்டத்துல, முடிஞ்சா காந்த சக்தி அதிகமான 3 டெஸ்லா மெஷின்ல எடுக்கணும். சில இடங்கள்ல காலை எடை கட்டி இழுத்து, அடுக்குகளைப் பிரிச்சும் எடுக்கிறாங்க. அப்படியும், தரையிலிருந்து கிளம்பின லினோலியம் விரிப்பு மாதிரி மேல கிழியாம அடியில மட்டும் பெயர்ந்த ஜவ்வு தப்பிடலாம். மருந்து அடியில போக வழியில்ல. ஆர்த்ரோஸ்கோப்பில, அதாவது சின்னத் துளை வழியா மூட்டுக்குள்ள கேமரா விட்டு, நேர்ல பார்க்கும்போதுதான் அது தெரியும்.

இந்த எலும்பு இடிப்பை மூட்டுத் தேய்மானத்தோட சேர்த்து 2003-ல விரிவா எழுதினது சுவிட்சர்லாந்து பெர்ன் நகரத்து டாக்டர் ரைன்ஹோல்ட் கான்ஸும் அவர் குழுவும். கிட்னிப் பிரச்சினை, கர்ப்பம், பேஸ்மேக்கர், அலர்ஜி இருந்தா ஊசிக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

இன்னொரு உறுப்பினர்:

எங்க அப்பாவுக்கு நேர் எதிர். நிக்கவெச்சு எடுத்த எக்ஸ்-ரேலயே இடைவெளி 2 மி.மீ.க்குக் கீழ. எம்ஆர்ஐயே வேண்டாம், மூட்டு மாத்துறதைப் பத்திப் பேசலாம்னுட்டார் டாக்டர். எனக்கு வேற விஷயத்துக்கு எடுத்த ஸ்கேன்ல லேப்ரம் கிழிசல்னு வந்துச்சு. வலியே இல்லாததால ஒண்ணும் பண்ண வேண்டாம்னுட்டாங்க. வலி இல்லாத நிறைய பேருக்கே அது இருக்குமாம்.

மேடம், ஆர்த்ரோகிராம் முடிஞ்சு நீங்களே வண்டி ஓட்டிட்டு வந்தீங்களா?

பரத ஆசிரியை:

இல்லங்க. கால் மரத்து லேசாத் தள்ளாடுச்சு, தம்பிதான் கூட்டிட்டு வந்தான். துணைக்கு ஆள் கூட்டிட்டுப் போங்க.