ஒரு ஆபரேட்டருக்கு 2 மெஷினா, 3 மெஷினா? மேன்-மெஷின் சார்ட் கணக்கு

ஸ்பிண்டில் (கேள்வி):
சிஎன்சி லேத் (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் மெஷின்), ஒரே ஜாப் (செய்யும் பாகம்), மெஷினுக்கு ஒரு ஆபரேட்டர். எடுத்த நேரங்கள்: கதவைத் திறந்து ஜாப்பை இறக்கி, சக்கை (ஜாப்பைப் பிடிக்கும் பகுதி) ஏர் அடித்து, அடுத்ததை ஏற்றி ஸ்டார்ட் அழுத்த 40 விநாடி. கட்டிங் 150. பர் (வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறு) எடுக்க 20, கேஜ் போட்டு அளவு பார்க்க 10. பக்கத்து மெஷினுக்கு நடக்க 5. பர் எடுத்து, அளவு பார்த்த பிறகே அடுத்த ஜாப் ஏறுகிறது. கட்டிங் ஓடும்போது ஆபரேட்டர் சும்மா நிற்கிறார். ஒருவருக்கு 3 மெஷின் கொடுக்கலாமா? சார்ட்டை எப்படிப் போடுவது?

மைக்ரான்:
முதலில் இப்போது நடப்பதை அப்படியே வரையுங்கள். கிராஃப் தாளில் ஆபரேட்டருக்கு ஒரு பத்தி, மெஷினுக்கு ஒரு பத்தி. நேரம் மேலிருந்து கீழே, ஒரு கட்டம் 5 விநாடி. இருவரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் நேரத்துக்கு (ஏற்றி இறக்கும் 40) இரண்டு பத்தியிலும் முழுக் கறுப்பு. தனித்தனி வேலைக்குச் சாய்கோடு. சும்மா இருப்பது வெள்ளை.

சைக்கிள் (ஒரு ஜாப்புக்கான முழுச் சுற்று) 220 விநாடி வரும். மெஷின் பத்தியில் ஒரு 30 விநாடி வெள்ளையாக நிற்கும். அது பர், கேஜ் நேரம். அந்த இரண்டையும் அடுத்த ஜாப் ஓடும்போது செய்யச் சொன்னால் சைக்கிள் 190. மணிக்கு 16.4 ஜாப் வந்தது 18.9 ஆகும், ஒரு பைசா செலவில்லாமல். இதை முடிக்காமல் இரண்டாவது மெஷினுக்குப் போகவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: அளவு தப்பியது தெரியும்போது அடுத்த ஜாப் வெட்டுப்படத் தொடங்கியிருக்கும். அதனால் டாலரன்ஸ் (அளவில் அனுமதித்த வித்தியாசம்) எல்லை வரை விடாமல், அதற்கு உள்ளேயே ஒரு கோடு வைத்து அதைத் தொட்டதும் ஆஃப்செட் (மெஷினில் டூலுக்குக் கொடுக்கும் திருத்த அளவு) திருத்த வேண்டும்.

பிறகு எண்ணிக்கை. ஏற்றி இறக்குவதும் கட்டிங்கும் சேர்ந்து 190. ஒரு ஜாப்புக்கு ஆபரேட்டரின் மொத்த வேலை 40 + 20 + 10 + 5 = 75. 190 ÷ 75 = 2.53. ஆக, கேள்வி 2-க்கும் 3-க்கும் இடையில்தான்.

கட்டத்தாள்:
2 மெஷின் சார்ட்டில் பலர் தவறுவது ஷிஃப்ட் தொடக்கத்திலிருந்து வரைவதில். முதல் சுற்றில் இரண்டு மெஷினும் காலியாக இருக்கும், அந்த வெள்ளை உண்மையான இழப்பு அல்ல. ஓட்டம் நிலைப்பட்ட பிறகு, முதல் மெஷினில் ஸ்டார்ட் அழுத்தும் கணத்தைப் பூஜ்யமாக வையுங்கள்.

0–35: பர், கேஜ், நடை.
35–75: இரண்டாவது மெஷினில் ஏற்றி இறக்கு.
75–110: அந்த ஜாப்புக்கு பர், கேஜ், திரும்பி நடை.
110–150: ஆபரேட்டருக்கு வெள்ளை.
150–190: முதல் மெஷினில் ஏற்றி இறக்கு.

75-இல் கிளம்பிய இரண்டாவது மெஷின் 225-இல் முடியும், அதாவது அடுத்த சுற்றின் 35-இல், ஆபரேட்டர் வந்து சேரும் அதே நேரத்தில். இரண்டு மெஷினிலும் காத்திருப்பு இல்லை. சுற்று தொடங்கிய நிலையிலேயே முடியாவிட்டால் எங்கோ நேரம் விட்டுப்போயிருக்கிறது, பெரும்பாலும் நடைதான்.

ரேட்கார்டு:
3 மெஷின் என்றால் சைக்கிள் 3 × 75 = 225, ஒவ்வொரு மெஷினும் 35 விநாடி ஆபரேட்டருக்காக நிற்கும். மணிக்கு மெஷினுக்கு 16 ஜாப், கிட்டத்தட்ட இன்று வருவதேதான்; மிச்சம் இரண்டு ஆள்.

செலவை இப்படிப் பாருங்கள். 2 மெஷினில் ஒரு ஜாப்புக்கு 95 விநாடி ஆள் நேரம், 190 மெஷின் நேரம். 3 மெஷினில் 75-ம் 225-ம். 20 விநாடி ஆள் நேரத்தை மிச்சம்பிடிக்க 35 விநாடி மெஷின் நேரம் போகிறது. மெஷினின் மணிச் செலவு ஆளின் மணிச் செலவில் 0.57 (20 ÷ 35) பங்குக்குக் கீழே இருந்தால் மட்டுமே 3 லாபம். சிஎன்சியில் அது அரிது. ஆர்டர் தேங்கி நின்றால் இந்தக் கணக்கே தேவையில்லை, 2-தான்.

ஸ்பிண்டில்:
நன்றி. 40 ஜாப்புக்கு ஒருமுறை இன்செர்ட் (டூலின் வெட்டும் முனை) மாற்றம், ஆஃப்செட்டோடு 6 நிமிடம். இதை எங்கே சேர்ப்பது?

மைக்ரான்:
சராசரியில் ஜாப்புக்கு 9 விநாடி. ஆள் வேலை 84 ஆகும். 3 மெஷினுக்கு 252 விநாடி, மணிக்கு 14.3 ஜாப், ஓய்வு நேரம் சேர்க்காமலேயே. இன்செர்ட்டையும் சேர்த்தால் (220 + 9 விநாடி) இன்றைய நிலை 15.7. ஆகவே 3 கழிந்தது. 2 மெஷினில் 190 விநாடி சைக்கிளுக்கு ஆள் வேலை 168 (2 × 84), சராசரியில் அடங்கும்.

ஆனால் 6 நிமிடம் சராசரியாக வராது, மொத்தமாக வரும்; அதற்குள் மற்ற மெஷின் முடிந்து நிற்கும். இரண்டு மெஷினிலும் மாற்றம் ஒரே நேரத்தில் வராதபடி எண்ணிக்கையை 20 ஜாப் தள்ளி வையுங்கள். டரட்டில் (டூல்களைத் தாங்கிச் சுழலும் தலை) காலி ஸ்டேஷன் இருந்தால் அதே டூலை இன்னொன்று போட்டால் மாற்றம் 80 ஜாப்புக்கு ஒருமுறைதான். இடைவேளையோடு பொருத்திவிடலாம்.

நூல்கண்டு:
எப்போது நிற்கும் என்று தெரியாத மெஷினுக்கு, உதாரணமாக நூல் அறுந்தால் நிற்கும் தறிக்கு, இந்த சார்ட் உதவாது. அங்கே நிகழ்தகவுதான். ஒவ்வொன்றுக்கும் 20% நேரம் ஆள் தேவை, 3 மெஷின் என்றால், இரண்டோ மூன்றோ ஒரே சமயத்தில் கை கேட்கும் வாய்ப்பு 3 × 0.04 × 0.8 + 0.008 = 10.4%. லேத்தில் சக்கில் சில்லு சுற்றிக்கொள்வது அடிக்கடி நடந்தால் உங்களுக்கும் இதே கதை; சார்ட்டுக்கு முன் சிப் பிரேக்கரை (சில்லைத் துண்டாக்கும் இன்செர்ட் வடிவம்) சரிபாருங்கள்.