“எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?” – முதல் போன் காலிலேயே கேட்டால் என்ன சொல்வது?

கேள்வி

ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். படிவத்தில் “தற்போதைய சம்பளம்”, “எதிர்பார்க்கும் சம்பளம்” என்று இரண்டு கட்டம் இருக்கு. நிரப்பாமல் அடுத்த பக்கம் போக விடமாட்டேங்குது. கணக்குக்காக என் வருடச் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 நிலையானது, 20 வேரியபிள் (வருஷத்துக்கு வருஷம் கூடிக் குறைந்து வரும் பங்கு). “30% கூட்டிக் கேளு”ன்னுதான் எல்லாரும் சொல்றாங்க. அப்படியே கேட்கலாமா? எண்ணை நான் முதலில் சொல்லணுமா, அவங்க வாயிலிருந்து வரட்டும்னு விடணுமா?

பதில் 1

அந்த 30%-ஐ முதலில் மறந்துடுங்க. பழைய சம்பளத்தின் மேல் சதவீதம் ஏற்றினால், இப்போதைய இடத்தில் குறைவாகக் கொடுத்திருந்தால் அந்தக் குறையையும் சேர்த்தே புது இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போறீங்க. கம்பெனிக்கு அந்தப் பதவிக்கென்று ஒரு பட்ஜெட் இருக்கும். நீங்க பிடிக்க வேண்டியது அதைத்தான்.

உங்க 100 உண்மையில் 100 இல்லை. வேரியபிள் போன வருஷம் எவ்வளவு கைக்கு வந்தது? 60% வந்திருந்தால் 12. அப்போ உங்க நிஜச் சம்பளம் 92. இதே கணக்கை வரப்போற ஆஃபருக்கும் போடணும். உதாரணமா 110 தர்றாங்கன்னு வைங்க: நிலையானது 75, வேரியபிள் 25, சேரும்போது ஒருமுறை தரும் போனஸ் 10. காகிதத்தில் 10% உயர்வு. அங்கேயும் வேரியபிள் 60% வந்தால் முதல் வருஷம் கைக்கு 100. அடுத்த வருஷம், போனஸ் போனதும், 90. இப்போ வாங்குவதைவிடக் குறைவு! சம்பள உயர்வை நிலையான தொகையின் மேல் போடும் இடமாக இருந்தால் 80-க்குப் பதில் 75-இல் இருந்து ஏறணும். சேரும் போனஸுக்கு “ஒரு வருஷத்துக்குள் விலகினால் திருப்பித் தரணும்” என்று ஒரு வரியும் பெரும்பாலும் ஒட்டியிருக்கும்.

அதனால் எண்ணைச் சொல்லும்போது “நிலையான சம்பளம் மட்டும், வருடத்துக்கு, பிடித்தத்துக்கு முன்” என்று சேர்த்துச் சொல்லுங்க. நீங்க நிலையானதை மனசில் வைச்சுப் பேச, அவங்க மொத்தத்தை எழுதிக்கொண்டு போவாங்க. கடைசியில் வரும் சண்டையில் பாதி இங்கேதான் ஆரம்பிக்குது.

முதல் போனில் எண்ணைச் சொல்லாதீங்க. திருப்பிக் கேளுங்க: “இந்தப் பதவிக்கு நீங்க ஒதுக்கியிருக்கிற வரம்பு என்ன? அது ஒத்து வந்தால் மேற்கொண்டு பேசலாம், ரெண்டு பேர் நேரமும் மிச்சம்.” சரியான ஆளாக இருந்தால் பாதிப் பேர் சொல்லிடுவாங்க.

பதில் 2

கணக்கு சரி. “முதலில் சொல்லாதே” என்பதை எப்போதும் பொருந்தும் விதியாக எடுத்துக்க வேண்டாம். முதலில் காதில் விழும் எண் பின்னால் வரும் மதிப்பீட்டைத் தன் பக்கம் இழுக்கும் என்று உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974-இலேயே எழுதிட்டாங்க. சந்தை நிலவரம் உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தால் முதலில் சொல்வது லாபம். தெரியாவிட்டால் நஷ்டம், அவங்க 130 தரத் தயாராக இருக்கும்போது நீங்க 110-இல் நின்னுடுவீங்க.

“100-இலிருந்து 120 வரை” என்றால் அவங்க காதில் விழுவது 100 மட்டும்தான். வரம்பாகச் சொல்லியே ஆகணும்னா, நீங்க நிஜமாக விரும்பும் தொகையைக் கீழ் முனையில் வையுங்க; மேல் முனை அதற்கு 10-15% மேலே போதும். இதற்குக் கீழே வந்தால் எழுந்து வந்துடுவேன் என்ற எண் ஒன்றும் வேணும். அதைத் தனியாக எழுதி வைச்சுக்கோங்க, வாயைத் திறந்து சொல்லாதீங்க.

படிவம் பற்றி: 0, 1 என்று போட்டுத் தப்பிக்கச் சொல்வாங்க. தானாக வடிகட்டும் மென்பொருளாக இருந்தால் அதிலேயே வெளியே போகலாம். விரும்பும் தொகையைப் போட்டு, குறிப்புப் பெட்டி இருந்தால் “வேலையின் அளவைப் பொறுத்துப் பேசலாம்” என்று எழுதுங்க.

தற்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். சம்பளச் சீட்டு கேட்பாங்க, பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். அங்கே உதைத்தால் கொடுத்த ஆஃபரையே திரும்ப வாங்கிக்குவாங்க. சொல்லாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. சில இடங்களில் அந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது: கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி முதல் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவும் பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது, ஆரம்பச் சம்பளத்தையோ வரம்பையோ முன்கூட்டியே சொல்லணும் என்கிறது. உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்கக் கொடுத்த கெடு 2026 ஜூன் 7. உங்க இடத்துச் சட்டம் என்னன்னு பார்த்துட்டுப் பேசுங்க.

பதில் 3

இரண்டு பேரும் தேதிகளை விட்டுட்டாங்க.

சம்பள மறுஆய்வு ஜனவரியில், ஆனால் செப்டம்பர் 30-க்குள் சேர்ந்தவர்களுக்கு மட்டும் என்று வைச்சுக்கோங்க. அக்டோபரில் சேர்ந்தால் முதல் உயர்வு 15 மாசம் கழித்துத்தான். “என் முதல் மறுஆய்வு எப்போ?” என்று கேட்டு, ஆஃபர் கடிதத்திலேயே எழுதி வாங்குங்க. தொகை அசையாத இடத்தில்கூட இந்தத் தேதி அசையும்.

அதேபோல் பழைய இடத்தில் வேரியபிள் கைக்கு வர இரண்டு மாசம் இருக்கும்போது விலகினால் அந்த 12 போச்சு. “இதை விட்டுட்டு வர்றேன்” என்று தனி வரியாகக் கேளுங்க. சம்பளத்தை ஏற்ற முடியாத எச்.ஆருக்கும் ஒருமுறைத் தொகையாக இதைக் கொடுக்க வழி இருக்கும், அது வேறு கணக்கில் போகும்.

எண்ணைச் சொன்னதும் வாயை மூடிக்கோங்க. எதிரில் இருப்பவர் யோசிக்கும் அந்தச் சில நொடியைத் தாங்க முடியாமல் “கொஞ்சம் குறைச்சும் பார்க்கலாம்” என்று சேர்த்துச் சொல்லும்போதுதான் காசு போகுது.

கேட்டவர்

நன்றி. இன்னொரு இடத்தில் முதல் போனிலேயே 105 என்று உளறிட்டேன். இரண்டாவது சுற்றில்தான் ஆறு பேர் கொண்ட குழுவையும் நடத்தணும்னு சொன்னாங்க. இனி மாற்ற முடியுமா?

பதில் 1

முடியும், ஆஃபரை ஏற்றுக்கொள்வதற்கு முன்னால், ஒரே ஒரு முறை. “யோசிச்சுப் பார்த்தேன்” என்று ஆரம்பிச்சால் எடுபடாது, அந்தக் குழுப் பொறுப்பைக் காரணமாகக் காட்டுங்க: “105 சொன்னபோது இது தனி ஆள் வேலை என்று நினைத்தேன். ஆறு பேரை நடத்தும் பொறுப்புக்கு நிலையான சம்பளம் 120 எதிர்பார்க்கிறேன்.” அடுத்த சுற்று வரை காத்திருக்காமல் இன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்புங்க. ஆஃபர் தொகைக்கு மேலிடத்தில் ஒப்புதல் வாங்கிட்டாங்கன்னா, எச்.ஆர். திரும்பப் போய்க் கேட்கத் தயங்குவார்.